பதினான்காவது காலனி

தாண்டவராயன் ஐந்தரைக்கு எழுந்தான். பால் வாங்கினான். முன்பு அரை லிட்டர், இப்போது கால். காய்ச்சிக் காபி போட்டுக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான், முன்பக்கம் மட்டும். வாத்தியார் கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகள் பார்ப்பது முதுகைத்தான் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. அதன் பிறகும் முன்பக்கம் மட்டும்தான் போட்டான். ஸ்ரீபெரும்புதூரில் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, ஒரகடம் போகிற வழியில் பள்ளிக்கூடத்து நிறுத்தத்தில் இறங்கினான்.

அவன் எம்.ஏ. சரித்திரம். வேலை தற்காலிகம். பெற்றோர் சங்கம் பார்த்து வைத்தது. பெற்றோர் சங்கம் என்றால் கண்ணப்பன். கண்ணப்பன் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். பதவிக் காலம் அந்த வருஷம், தொண்ணூற்றொன்றில், தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. தேர்தல் வரும் வரை பஞ்சாயத்தைப் பார்த்துக்கொள்ள யூனியன் ஆபீசிலிருந்து ஒரு தனி அலுவலரைப் போட்டிருந்தார்கள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், யூனியன் ஆபீசில் இருந்தபடியே. நாற்காலியில் கண்ணப்பன் உட்கார்ந்திருந்தார். பதவி முடிந்த செய்தியை நாற்காலிக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூலை மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு அமெரிக்கப் புரட்சி வந்தது. பாடப் புத்தகத்தில் ‘குடியேற்ற நாடுகள்’ என்று இருந்தது. அதைக் கேட்டதுமே வகுப்பு தூங்கத் தயாரானது. சுலபமாக இருக்கட்டும் என்று தாண்டவராயன் வேறு வார்த்தை போட்டான். பலகையில் எழுதினான்: ‘பதின்மூன்று காலனிகள். வரி உண்டு. சபையில் இடம் இல்லை.’

வகுப்பு விழித்துக்கொண்டது.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு கிராமமும் இரண்டு. ஒன்று ஊர். அரைக் கிலோமீட்டர் தள்ளி ஆதிதிராவிடர் குடியிருக்கிற இடம் காலனி. அது அரசாங்கம் மரியாதையாக வைத்த பெயர். இதெல்லாம் தாண்டவராயனுக்கும் தெரியும். வாலாஜாபாத்துக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்? அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. மனைவி ரத்னா செத்த நவம்பரிலிருந்து அவனுக்குப் பல விஷயங்கள் ஞாபகம் வருவதில்லை.

ஆகவே நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனான். காலனிக்காரர்களிடம் காகிதத்துக்கு வரி கேட்டான் வெள்ளைக்காரன். எங்கள் சார்பில் பேச உங்கள் சபையில் ஒரு ஆள்கூட இல்லை, எதற்குக் கட்ட வேண்டும் என்று காலனிக்காரர்கள் கேட்டார்கள். பிறகு டீத்தூளுக்கு வரி. காலனிக்காரர்கள் டீத்தூளைப் பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டினார்கள். சண்டை வந்தது. காலனிக்காரர்கள் ஜெயித்தார்கள்.

முன் பெஞ்சு சிரித்தது. பின் பெஞ்சு சிரிக்கவில்லை. யார் எந்த பெஞ்சு என்று சொல்ல வேண்டியதில்லை.

வராந்தாவில் துடைப்பச் சத்தம் நின்றிருந்தது. செந்தாமரை பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிறவள். காலனியில் வீடு, முப்பது வயது, அந்தச் சம்பளத்தை நம்பி இரண்டு பிள்ளைகள். மணி அடித்ததும் தயங்கித் தயங்கி வந்து, அந்தக் காலனிக்கு எதுக்கெல்லாம் வரி போட்டார்கள் என்று கேட்டாள். காகிதம், டீத்தூள் என்றான்.

“தூளு வந்துச்சில்ல சார்?”

“வந்தது.”

“வந்த பொருளுக்குத்தான வரி? அதுக்கா இம்மாஞ் சண்ட?”

தாண்டவராயன் ஐந்து வருஷம் சரித்திரம் படித்தவன். இந்தக் கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்கவில்லை.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஊர் நடுவே தண்ணீர்த் தொட்டி நின்றது. அதிலிருந்து காலனிக்கு என்று கிளம்பிய பைப், கண்ணப்பனின் கொல்லை வேலி வரை வந்து, களைத்துப்போய் நின்றுவிட்டது. காலனியில் குழாய் மட்டும் நட்டிருந்தார்கள். பித்தளைக் குழாய், நல்ல பளபளப்பு. திறந்தால் காற்று வரும், சில சமயம் எறும்பு. நட்ட மாதத்திலிருந்து அதற்குக் குடிநீர் வரியும் வந்தது. காற்றுக்கு வரி கேட்கிற யோசனை லண்டனில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த மட்டில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஒரு படி மேலே.

பஞ்சாயத்து கிளார்க் தணிகாசலம் மறுவாரம் ரசீதுப் புத்தகத்தோடு காலனிக்குப் போனார். நாற்பத்திரண்டு வீட்டிலும் ஒரே பதில். காலனிக்காரங்க கட்ட வேணாம்னு பொஸ்தகத்துலயே போட்டுகீதாம், சார் சொன்னாராம்.

மறுநாள் காலை கண்ணப்பன் வாத்தியாரை பஞ்சாயத்து ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

“இன்னா வாத்தியாரே, காலனிய வுட்டு என் மேல படை எடுக்கிறியா?”

அது அமெரிக்காவில் நடந்தது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் என்றான் தாண்டவராயன்.

“அமெரிக்காவுல நடந்தா அமெரிக்காவுல சொல்லு. இங்க எதுக்குச் சொல்ற?”

பாடத் திட்டத்தின் மேல் இவ்வளவு தெளிவான விமர்சனம் அதற்கு முன் வந்ததில்லை. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்தப் பக்கம் நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் வந்து விசாரிக்கிறது, கலகம் என்று ஒரு வார்த்தை காதில் போட்டால் போதும், காலனியில் ஆண்பிள்ளை தங்க மாட்டான் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது செந்தாமரை உள்ளே வந்தாள்.

முந்தானையை அவிழ்த்து மேசை மேல் பணத்தை வைத்தாள். நாற்பத்திரண்டு வீட்டுப் பணம். நேற்றுச் சொன்ன பதிலைக் காலனி ராத்திரியே யோசித்து வாபஸ் வாங்கியிருந்தது. போலீஸ் பயம் அவர்களுக்கும் உண்டு. கொண்டுபோய்க் கொடுக்க ஆண்கள் கூச்சப்பட்டார்கள். அவளை அனுப்பினார்கள். ஆக, கலகம் ஒரே நாளில் முடிந்தது. கண்ணப்பன் மீசையைத் தடவினார். தணிகாசலம் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்து, கார்பன் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

ரசீதில் ஒரு திருத்தம் வேண்டும் என்றாள் செந்தாமரை. அச்சடித்த புத்தகத்தில் திருத்த முடியாது, ஆடிட்காரன் வந்து கேட்பான் என்றார் தணிகாசலம். கேட்கட்டுமே என்றாள். கண்ணப்பனின் கை மீசையிலேயே நின்றது. ஆடிட்காரன் கேட்க ஆரம்பித்தால் பைப் எங்கே என்று கேட்பான். பைப்புக்குப் பில் போட்டவர் யார் என்று கேட்பான். கண்ணப்பன் எழுந்தார். அவள் கடைசியாக ஒன்று சொன்னாள், சத்தம் போடாமல். மேசை மேல் இருந்த பணத்தை எடுத்துத் திரும்ப முடிந்துகொண்டு வெளியே போனாள்.

அவ்வளவுதான் நடந்தது. அரை நிமிஷம்.

மத்தியானத்துக்குள் அது வளர்ந்தது. அவள் ரசீதுப் புத்தகத்தைக் கிழித்தாள் என்றது டீக்கடை. அமெரிக்காக்காரன் மாதிரி உங்களைக் கடலில் கொட்டுவோம் என்றாளாம். கடல் முப்பது மைலுக்கு அப்பால் இருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. காலனியில் வேறு கணக்கு. அங்கே அவள் அரை மணி நேரம் பேசினாள், கண்ணப்பன் அழுதார். சாயந்தரம் கண்ணப்பன் தம் பங்குக்கு ஒரு புகார் எழுதினார். பள்ளி ஊழியை செந்தாமரை, வரி கட்ட மறுத்து, புத்தகத்தைக் கிளார்க் முகத்தில் எறிந்து, ஆபாசமாகத் திட்டினாள். ஆபாசம் வரவேண்டிய இடத்தில் நாகரிகமாகப் புள்ளி வைத்திருந்தார். தாண்டவராயன் எண்ணிப் பார்த்தான். பதினொன்று.

மறுநாள் தலைமை ஆசிரியர் ராஜாமணி அவனைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. நல்ல மனிதர்களுக்கு எப்போதும் ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும். புகாரின் கீழே சாட்சியாக ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்றார். அவளை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள், போலீசுக்குப் போக மாட்டார்கள், பாடம் நடத்திய விஷயம் மறந்துபோகும், அவன் வேலை அடுத்த வருஷமும் இருக்கும்.

“அந்தம்மாவுக்கு வேற எடத்துல வேல கெடைக்காதா தம்பி? நீ ஏற்கெனவே கஷ்டத்துல இருக்க. பேசாம போட்டுடு.”

கஷ்டம் என்று அவர் சொன்னது ரத்னாவை.

கடைசி வார்த்தைகள் விஷயத்தில் எல்லோருக்குமே ஒரு ருசி உண்டு. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையில் ரத்னா போனபோது பக்கத்தில் இருந்தவன் தாண்டவராயன் ஒருவன்தான். ஆனால் காரியத்தன்று வந்த எல்லோருக்கும் அவள் என்ன சொன்னாள் என்று தெரிந்திருந்தது. ‘அவரப் பாத்துக்கோங்க’ என்றாளாம், மாமியார் சொன்னாள். முருகா என்று கூப்பிட்டாளாம், மச்சான் சொன்னான். அடுத்த பிறவியிலும் அவருக்கே வாழ்க்கைப்படணும் என்றாளாம். இதைச் சொன்ன அத்தை ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. ரத்னா ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். அதுதான் அவள் சொன்னது. குறைத்தான். அவன் யாரையும் திருத்தவில்லை. அவர்களுக்கு அது பிடித்திருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். விட்டதில் எட்டு மாதத்துக்குள் அவள் குரலே அவனுக்கு மாறிப்போயிற்று. யோசித்தால் அத்தை சொன்ன வாக்கியம்தான் முதலில் வருகிறது.

ராஜாமணியிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டான். கையெழுத்துக்குத் தாள் எதற்கு என்றார். நான்தானே சார் சாட்சி, நானே எழுதுகிறேன் என்றான்.

மூன்று பிரதி எழுதினான். ஒன்றை ராஜாமணி மேசையில் வைத்தான். அவர் அதைத் தொடவில்லை. இரண்டாவதைத் தானே பஸ் ஏறிப் போய் யூனியன் ஆபீசில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கினான். தனி அலுவலர் வழக்கம்போல அங்கேதான் இருந்தார். மூன்றாவதை செந்தாமரையிடம் கொடுத்தான். அவள் அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

பெற்றோர் சங்கம் கூடியது. சரித்திரத்துக்கு வாத்தியார் தேவையில்லை, பிள்ளைகள் தாங்களே படித்துக்கொள்வார்கள் என்று தீர்மானம் போட்டது. ஆகஸ்டோடு அவன் கணக்கு முடிந்தது. முத்திரை வைத்த தாள் யூனியன் ஆபீசில் இருந்ததால் புகாரை அனுப்ப கண்ணப்பனுக்குத் தைரியம் வரவில்லை. செந்தாமரை இன்னும் பெருக்கிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளை எடுக்க வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பைப் வேலியிலேயே நிற்கிறது.

வாக்குமூலம் பெரிதாக ஒன்றுமில்லை, எட்டு வரி. அவள் புத்தகத்தை எறியவில்லை. யாரையும் திட்டவில்லை. வரி கட்ட மறுக்கவும் இல்லை, பணம் மேசை மேல் இருந்தது. ரசீதில் குடிநீர் என்ற ஒரு வார்த்தையை மட்டும் அடிக்கச் சொன்னாள். முடியாது என்றார்கள். பணத்தைத் திரும்ப எடுப்பதற்கு முன் அவள் கடைசியாகச் சொன்னதை, பேச்சு வழக்கைத் திருத்தாமல், ஒரு புள்ளிகூட வைக்காமல் எழுதியிருந்தான்:

“வரி கட்னேன்னு எழுதிக்கோங்க. தண்ணி குடிச்சேன்னு எழுதாதீங்க.”