உடையாத அலை

"அங்கை கடல் எப்பிடி?" என்று கேட்டான் அல்பேட்.

"படுத்துக் கிடக்குது. சித்திரையிலை இஞ்சை எப்ப அலை வந்தது?" என்றாள் செலீனா.

"நான் வரேக்க எழும்பும், இருந்து பாரும்."

"ஓம், கடலுக்கு வேறை வேலையில்லை. முதல்ல மாமியைக் கூட்டிக்கொண்டு வந்து சேருங்கோ."

தன் தாயைக் கூட்டிவரவென்று போய் வன்னிக்குள் அகப்பட்டிருந்த கணவன் அல்பேட், யாருடையதோ போனில் கதைத்த கடைசிக் கதை அது. அடுத்த மாதம், போர் முடிந்த அன்று, டென்மார்க்கின் மேற்குக் கரையில், கிளிட்மொல்லர் கிராமத்துக்கு நேரே ஓர் அலை எழுந்து உடையாமல் நின்றது.

அந்தக் கரைக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. கோடையில் கடல் தட்டையாகக் கிடக்கும். புரட்டாதியில் மேற்கிலிருந்து அலைகள் வரத் தொடங்கும், ஐப்பசியில் கிழக்கிலிருந்து வீசும் காற்று அவற்றைச் சீவி நிமிர்த்தும், மார்கழியில் அலைச்சறுக்குப் பைத்தியங்கள் மட்டும் கறுப்பு ரப்பர் உடுப்போடு இறங்கும். இந்த அலை எந்தப் பருவத்தையும் மதிக்கவில்லை. சறுக்குப் பலகை வாடகைக்கு விடும் கடைக்காரர் "இன்று அலை இல்லை, அந்த ஒன்றைத் தவிர" என்று வாசலில் எழுதிவைத்தார். பிறகு அழிக்கிற வேலையையே விட்டுவிட்டார். மீன்பிடிப் படகுகள் சுற்றிப் போகப் பழகின. தை மாதங்களில் அதன் முகட்டில் வெண்பனி படிந்தது. மூன்றாம் வருடம் ஒருவரும் படம் எடுக்கவில்லை.

செலீனா அங்கே விடுமுறை வீடுகளைத் துப்புரவாக்கும் வேலை செய்தாள். எந்த வீட்டின் கண்ணாடியைத் துடைத்தாலும் அப்பால் அது நின்றது. முதல் வருடமே, அல்பேட்டிடமிருந்து ஒரு செய்தியும் வராதபோது, ஸ்கீவ நகரிலிருந்து கோயிலில் பழக்கமான பற்றிமா சோறும் மரக்கறியும் சமைத்துக்கொண்டு வந்தாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலார்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். செலீனா கதவடியிலேயே நின்று, "எங்கட அடுப்பு எரியுது அக்கா" என்றாள். பற்றிமா சட்டியைத் திரும்பக் காரில் வைத்தாள். அன்றிலிருந்து செலீனா, காய்ச்சல் என்றாலும், இரண்டு பேருக்கு மூன்று பேர் சமையல் சமைத்தாள். பற்றிமாவைப் பிறகு கோயிலில் கண்டால் சிரிப்பாள், வீட்டுக்கு வாங்கோ என்று மட்டும் சொல்லமாட்டாள். சொல்ல நினைத்த வருடங்கள் இருந்தன.

மகள் நிஷாந்தி அந்தக் கரையிலேயே வளர்ந்து, பலகையில் ஏறப் பழகினாள். தாய் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்வாள். வருகிற எல்லா அலையிலும் ஏறினாள். அந்த ஒன்றில் மட்டும் ஏறவில்லை. வேண்டாம் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை.

பிராண்டே நகரில் வேலை கிடைத்து அவள் புறப்படவிருந்த ஐப்பசியில், ஒரு காலை, வரிசையாக வந்த அலைகளையெல்லாம் விட்டுவிட்டு நேரே அதை நோக்கிக் கைகளால் வலித்துப் போனாள். ஏறினாள். முகட்டில் நெடுநேரம் இருந்தாள். செலீனா துவாயைப் பிடித்தபடி கரையில் நின்றாள்.

திரும்பி வந்த மகள் நடுங்கவில்லை. வழமைக்கு மாறாகத் தமிழில், "அம்மா, அங்கை தண்ணி சூடு" என்றாள்.

செலீனா அவளுடைய ஈரத் தலையில் கை வைத்துப் பார்த்தாள். வெயிலில் சூடேறிய ஊர்க்கடல்போல இளஞ்சூடாக இருந்தது. வடகடலில் அப்படி ஒரு நீர் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அலை பின்னால் இருந்தபடியே நின்றது. செலீனா மகளின் தலையைத் துவட்டி முடித்தாள்.

"பற்றிமா அன்ரிக்குப் போன் எடு பிள்ளை. இண்டைக்கு எங்கட வீட்டிலை அடுப்பு மூட்டேல்லை. சோறு கொண்டு வரட்டாம் எண்டு சொல்லு."