யாழ்ப்பாணத் தமிழ் பேசிய விமானிகள்

“அவள் அப்பிடிச் சொல்லேல்லை.”

“சொன்னவள். ‘வாங்கோ, உங்களைத்தான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டு—’”

“வாயை ஒருக்காத் திறந்து மூடினவள். அதுக்குள்ள இவ்வளவு கதையோ?”

“அது செக் பாஷை. சுருக்கமாத்தான் கதைப்பினம். நீர் படத்தைப் பாரும்.”

கணவரின் மடியிலிருந்து ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினேன். திரையில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் ஒரு பெண். அவளுக்கு முன்னால், தொப்பியைக் கையில் பிடித்தபடி, யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிய விமானி.

கனடாவுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் படம் பார்ப்பது இப்படித்தான். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதனால் ஊரில் தபால் கந்தோரில் இருந்த என் கணவர் விநாயகமூர்த்தி, கீழே ஓடும் எழுத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வார். ஆணுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல். கொரியாக்காரரும் பிரெஞ்சுக்காரரும் எனக்கு அவருடைய தொண்டையாலேதான் பேசியிருக்கிறார்கள். மகன் கீதன் பிக்கரிங்கில் வீடு வாங்கிப் போன பிறகு, ஸ்காபரோவில் இந்தப் பதினோராம் மாடியில் கேட்கிற மனிதக் குரல்கள் அவ்வளவும் அவருடையவைதான்.

இந்தப் படத்தை லைப்ரரியில் எடுத்தவரும் அவர்தான். அட்டையில் விமானத்தைக் கண்டதும் நான் வேண்டாம் என்றேன். பலாலி விமானத்தளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு விமானி என்றால் மேலே இருந்து குண்டு போடுகிறவன். அவனுக்கு ஒரு முகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் இந்தச் செக் நாட்டுப் பெடியள், தங்கள் நாட்டை ஜெர்மன்காரன் பிடித்ததும் இங்கிலாந்துக்கு ஓடிப்போய், அந்நிய உடுப்பில் அந்நிய விமானத்தில் ஏறியவர்கள். இரவில் ரேடியோவைச் சுற்றிக் குந்தியிருந்து, தங்கள் ஊர்ப் பெயர் வருமா என்று காதைக் கொடுத்தார்கள். “மச்சான், சண்டை முடிஞ்சா அடுத்த நாளே வீட்டை போயிடுவன். கூரை இருந்தாக் காணும், வேறொண்டும் வேண்டாம்,” என்றான் ஒருவன். நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன்.

எங்கள் காணியும் அப்படித்தான். விமானத்தளத்துக்கென்று ஆமி பிடித்து வைத்திருந்து, போன கோடையில் விட்டது. அங்கேயே போய் இருக்கவேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். டிக்கெட் ஒன்றா இரண்டா என்று கேட்டு இன்றைக்குப் பின்னேரம் கீதன் போன் எடுப்பான். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை. எனக்கு அங்கே ஒருவரும் மிஞ்சவில்லை. இவர் போய்விட்டால் இங்கேயும் ஒருவரும் இல்லை.

நிறுத்திய திரையில் மூன்றே சொல் நின்றது. எழுத்துக்கூட்டினேன். ஹூ ஆர் யூ.

“ஆர் நீ எண்டு கேக்கிறாள். வா எண்டு சொல்லேல்லை.”

அவர் ரிமோட்டைத் தேடி மடியைத் தடவினார்.

“இஞ்சேருங்கோ, அவள் தலையில என்ன கட்டியிருக்கிறாள்?”

அவர் முகத்தை ஒரு பக்கம் சரித்தார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான், கோழி பார்ப்பதுபோல. கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து நான் தினமும் எண்ணெய் பூசிவிட்டுக்கொண்டிருந்தேன்.

“கதவுநிலை தெரியுது,” என்றார். “ஓரமெல்லாம் வடிவாத் தெரியுது. நடுவில நிக்கிற ஆள்தான் இல்லை.”

ஸ்னோ கொட்டத் தொடங்க முந்தியே இப்படியாம். கண் டொக்டரிடம் தனியாக பஸ் ஏறிப் போயிருக்கிறார். இருக்கிறதைக் காப்பாற்ற ஊசி போடலாம், போனது திரும்பாது என்றாராம் டொக்டர். கீதனுக்கும் தெரியாதாம். அப்படியென்றால் மாரி முழுக்க நான் கேட்ட படங்கள் ஒன்றும் படங்கள் அல்ல. கூரை இருந்தால் காணும் என்றது செக் விமானி அல்ல.

மாரி தொடங்கின கையோடு, இவருடைய தமையன் மகன் மிதுனன் ஊரிலிருந்து போனில் காணியின் படம் ஒன்று அனுப்பியிருந்தான். முட்பற்றை, கிணற்றுக்கட்டில் ஒரு துண்டு, முள்ளுக்கம்பி சுற்றிய கட்டை. அவ்வளவுதான். இவர் அதை யன்னலடியில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, நல்லாத்தான் கிடக்கு,” என்றார். வயதுபோன மனுசனின் ஆசையில் ஏன் கைவைக்கவேண்டும் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். அவர் பார்க்கவே இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன் அடித்தது. கீதன்தான். இருவரும் எழும்பவில்லை. அது அடித்து ஓய்ந்தது. திரையில் அந்த விமானி இன்னும் படிக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தான். அவர் முகத்தைச் சரித்து, என்னைப் பார்ப்பதற்காக என் காதுக்கு அப்பால் எங்கேயோ பார்த்தார்.

“புனிதம், இனி நீர்தான் எனக்கு வாசிக்கவேணும். சொல்லும், மிதுனன் அனுப்பின படத்தில வீடு நிக்குதோ?”