மச்சம் இல்லாத எட்டுப் படங்கள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, ஒரு பத்திரிகை கேட்ட கட்டுரை. "டீன் ஏஜ் பெண்கள் எப்போது, எப்படி மேக்கப் போட ஆரம்பிக்கலாம்? பத்துக் குறிப்பு போதும்" என்றார்கள். மூன்று எழுதினேன். 'எப்போது' என்பதில் வயதைச் சொல்லாமல் நழுவிவிட்டேன். 'எப்படி' என்பதில் மட்டும் சூரப்புலி: கண் மையை யாருக்கும் இரவல் தராதே. படுக்கும் முன் முகத்தைக் கழுவு. நிறம் பொருந்துகிறதா என்று கையில் பூசிப் பார்க்காதே, தாடையோரத்தில் பார். நான்காவதற்குள் என் புகைப்படம் வேண்டுமென்றார்கள். ஸ்டுடியோவுக்குப் போனேன். கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

2.

தொடக்கம் ஒன்று: "வெள்ளைத் திரை தொங்கிய அந்த அறையில் பகல் முழுவதும் ஒரே நேரமாகவே..."

(வேண்டாம், ரொம்ப அலட்டல். ஆனால் உண்மையில் அப்படித்தான் இருந்தது. குடை விளக்குகளின் கீழே மணி மூன்றா ஐந்தா என்று புரியவில்லை. கம்ப்யூட்டர் திரையில் யார் யார் முகமோ மெல்ல மிதந்து வந்தது, மாசுமரு நீங்கியது, மிதந்து போனது. அரைத்தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

தொடக்கம் இரண்டு: "ஸ்டுடியோ அக்காவின் கை தானாகவே போகும்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம். படம் எடுப்பதும் அவர்தான், எடுத்ததைக் கம்ப்யூட்டரில் திருத்துவதும் அவர்தான்.

"ஒரு நாளைக்கு நாப்பது முகம் மேடம். எங்க பரு, எங்க தழும்புன்னு தேடவே மாட்டேன். கை தானா போகும்" என்றார், என் கண்ணுக்குக் கீழே இருந்த பத்து வருடத்தைத் துடைத்துக்கொண்டே. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.*

* வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. படம் நன்றாகத்தான் இருந்தது.

3.

நான் எழுதும் கட்டுரையைப் பற்றிச் சொன்னதும் அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். போன வாரம் நடந்ததைச் சொன்னார். பேச்சை அப்படியே தருகிறேன்.

அவருக்குப் பதினான்கு வயதில் ஒரு மகள். வீட்டில் கூப்பிடுவது பொடிசு. மறுநாள் பள்ளியில் வகுப்புப் படம். பொடிசு சாயங்காலம் ஸ்டுடியோவுக்கு வந்து, கேமராவுக்கு எதிரே இருக்கும் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். முகம் நிறைய ஃபவுண்டேஷன். கையில் பூசிப் பார்த்து வாங்கியிருக்கிறாள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்.

"ஒரு படம் எடும்மா. எப்படி வருதுன்னு பாக்கணும்."

"என்னடி கோலம் இது? போய்க் கழுவு. பதினாறு ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"நான் ஆறு வயசுலேருந்தே போட்டுட்டுதானேம்மா இருக்கேன்."

"யாருடி போட்டு விட்டா?"

"நீதான்."

பொடிசு சுவரைக் காட்டினாள். வாடிக்கையாளர்களுக்குக் காட்டவென்று மாட்டிய மாதிரிப் படங்கள். அவளுடைய ஆறாவது பிறந்தநாள் முதல் பதின்மூன்றாவது வரை, வருடத்துக்கு ஒன்று.

"என் மச்சம் எங்கம்மா?"

இடது கண்ணுக்குக் கீழே, மிளகு அளவில் அவளுக்கு ஒரு மச்சம் உண்டு. எட்டுப் படத்தில் ஒன்றில்கூட இல்லை.

"அசிங்கமா இருக்குன்னுதானே எடுத்தே? அப்பவே சொல்லியிருந்தா நானே மறைச்சிருப்பேன்ல."

4.

இந்த இடத்தில் அம்மாவை அழ வைத்து எழுதினேன். பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். என்னிடம் சொல்லும்போது அவர் அழவில்லை. "தூசின்னு நெனச்சிருக்கும் மேடம் கை" என்று, கை வேறு யாருடையதோ போலச் சொன்னார். அந்தப் பேச்சை என்னால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

அன்று அவர் பழைய கோப்புகளை எல்லாம் திறந்து தேடியிருக்கிறார், திருத்தாத படம் ஒன்றாவது அகப்படுமா என்று. எதுவுமே இல்லை. இடம் அடைக்கிறது என்று திருத்தியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பது அவர் வழக்கம். ஆக, எட்டு வருடத்து மச்சம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அதன் மேலேயும் இப்போது ஃபவுண்டேஷன்.

கடைசியில், "ரெண்டு எடுக்கலாம்டி. ஒண்ணு உன் இஷ்டப்படி, இப்படியே. இன்னொண்ணு..." என்றாராம்.

"இன்னொண்ணு யாருக்கு?" என்று கேட்டாளாம் பொடிசு.

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பார்த்து, கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் ஸ்டுடியோவுக்குள் வந்தது. அக்கா எழுந்து போனார். நான் காத்திருந்து, மகளுக்கு என்ன பதில் சொன்னார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

5.

முடிவு அ: பொடிசு முகம் கழுவி வருகிறாள், அம்மா கட்டிக்கொள்கிறார். (சோப்பு விளம்பரம்.)

முடிவு ஆ: அம்மா அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், தாடையோரத்தில் வைத்துப் பார்த்து, சரியான நிறம் வாங்கித் தருகிறார். (என் மூன்றாவது குறிப்பு. கட்டுரைக்கு ஆகும். மச்சம் மறைந்தேதான் இருக்கும்.)

முடிவு இ: அவள் அப்படியே வகுப்புப் படத்துக்குப் போகிறாள். அவளுக்கு அது பிடித்தும் இருக்கிறது. (ஏன் கூடாது? எனக்கு என் படம் பிடித்திருந்ததே.)

மூன்றையும் பத்து நாளாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்றுதான் ஒன்று உறைத்தது. தூசி என்றார், கை என்றார், பதினாறு என்றார், இரண்டு படம் என்றார். அவ்வளவு பேசியவர், 'தப்பு பண்ணிட்டேன்டி' என்று அவளிடம் சொன்னதாக மட்டும் சொல்லவே இல்லை.

அதனால் கதையை இந்த இடத்தில் உங்களிடம் கொடுக்கிறேன். கேமராவுக்குப் பின்னால் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். ஸ்டூலில் உங்கள் மகள். பூசிய முகம் விளக்கில் லேசாக மினுக்குகிறது. 'இன்னொண்ணு யாருக்கு?' என்று கேட்டுவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எந்த வயது, எந்த நிறம், கழுவுவதா வேண்டாமா, எத்தனை படம் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். நான் தலையிட மாட்டேன்.

முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அது ஒன்றை மட்டும் நான் உங்கள் இஷ்டத்துக்கு விடவில்லை.