விழுங்கும் வெளிச்சம்

"நீங்கதான்க்கா அதை ஆஃப் பண்ணச் சொன்னீங்க—"

"சோதனை ஓட்டத்துக்குச் சொன்னேன்டா! பேப்பருக்கா சொன்னேன்?"

"மறுபடி ஆன் பண்ணுன்னு நீங்க சொல்லவே—"

"அதையும் நானே சொல்லணுமா?"

"கத்தாதீங்க லா, எல்லாரும் பாக்குறாங்க."

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் சாப்பாட்டுக் கடையில் தோசை கொண்டுவந்தவர் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். மேசை முழுக்க மடிக்கணினிகள். வைதேகி நிமிரவில்லை. மதியம் பல்கலைக்கழகத்தில் அவள் உரை. தேறினால் நிரந்தர வேலை; இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. உரையே அவள் ஆய்வுக் கட்டுரையின் ஒரு வரைபடத்தின்மேல்தான் நிற்கிறது. அதைத்தான் அவளுடைய ஆய்வு மாணவன் ஸ்ரீநாத் காலையில் வந்து சாய்த்துவிட்டான்.

குவேசார் என்னும் அதிபிரகாசமான தொலைதூர விண்மீன் மண்டலத்தின் நடுவில் கருந்துளை. அங்கிருந்து பீறிடும் தாரையில் எலெக்ட்ரான்கள் கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் பாய்கின்றன; எதிர்ப்படும் சாதாரண வெளிச்சத்தை மோதிக் காமாக் கதிராக எகிறவைக்கின்றன. கருந்துளையை ஒட்டிய வாயு மேகங்களில் அந்த வெளிச்சம் ஏராளம். அதனால் காமா பிறப்பதும் அங்கேதான் என்பது வைதேகியின் கட்சி. கணினிக் கணக்கும் தொலைநோக்கி கண்டதோடு அச்சு அசலாகப் பொருந்தியிருந்தது.

"பொருந்தாம என்ன செய்யும்? அதே வெளிச்சம்தானேக்கா காமாவை முழுங்கவும் செய்யும்? ப்ரோகிராம்ல அந்த முழுங்குற பாகத்தை அணைச்சு வச்சுட்டே கடைசிவரைக்கும் ஓட்டியிருக்கோம்."

"இப்ப ஆன் பண்ணி ஓட்டுனியா?"

ஸ்ரீநாத் திரையைத் திருப்பினான். கோடு பாதியிலேயே தலைகுப்புற விழுந்திருந்தது. தொலைநோக்கி கண்ட உச்ச ஆற்றல் புள்ளிகள் மேலே அநாதையாகத் தொங்கின.

"ஞாயித்துக்கிழமை தேக்கா மார்க்கெட் மாதிரிக்கா. அந்தக் கூட்டத்துக்குள்ள பொறந்த காமா வெளிய வரவே முடியாது. தாரையில ரொம்பத் தள்ளிதான் பொறந்திருக்கணும். அங்க தூசி விடுற மங்கல் வெளிச்சமே மோதப் போதும்."

"கிட்டக்க, கிட்டக்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன்டா."

அவன் குரலைத் தாழ்த்தினான். "நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். இன்னிக்குப் பழையதையே போடுங்க. வேலை கிடைச்சதும் திருத்திக்கலாம்."

வைதேகி மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள். டாக்சியில் பழைய கோட்டையும் விழுந்த கோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபடி வந்தாள்.

அரங்க வாசலிலேயே தேர்வுக் குழுத் தலைவர் சந்திரமதி நின்றிருந்தார். சிரித்துக்கொண்டே வந்து தோளைத் தொட்டார். "அந்தப் படத்துக்காகத்தாம்மா உன்னைக் கூப்பிட்டோம். முதல்ல அதைப் போடு."

பின்னால் நின்ற ஸ்ரீநாத்தைத் திரும்பிப் பார்க்காமல் வைதேகி மடிக்கணினியைத் திறந்தாள்.

"மேடம், அந்தப் படம் தப்பு. எங்க தப்புன்னு காட்டட்டுமா?"