உம்மா வராத தூசணம்

வாப்பா அந்த ஓடியோவை மூன்றாவது தடவையாகப் போட்டார். நோன்பு இரவுத் தொழுகையான தறாவீஹ் முடிந்து அவரும் பள்ளிவாசல் தலைவர் மீராசாஹிபும் எங்கள் ஹோலில் இருந்தார்கள். நான் அறைத் திரைக்குப் பின்னால், கட்டிலில் கால்களைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். இருபது வினாடிதான் அது. ஓர் இளம் குரல் ஒரு கெட்ட வார்த்தையை எழுத்தெழுத்தாக, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்திச் சொல்கிறது. பின்னால் துப்பாக்கிச் சத்தம். வேறொரு கரகரத்த குரல் சிரித்துக்கொண்டு, "இன்னம் சத்தமா செல்லுடா" என்கிறது. இளம் குரல் மறுபடி சொல்கிறது.

அந்தக் கரகரத்த குரல் என்னுடையது.

"நமக்குத் தொழுவிக்கிற இன்ஷாப் ஹாபிஸ்தான். அவனே ஓம் எண்டுட்டான்," என்றார் மீராசாஹிபு. "விடிய ஸுபஹ் தொழுக முடிய சபையக் கூட்டிக் கதச்சிட்டு, பொத்துவில் பஸ்ல ஏத்தி உடுவம். பத்து நோன்புதானே போயிரிக்கி. மிச்சத்துக்கு வேற ஹாபிஸப் பாப்பம்."

"வெளயாட்டுக்குள்ள எதுக்கு காக்கா தூசணம்?" என்று அண்ணன் முறையில் கேட்டார் வாப்பா.

"நாம பந்தடிக்கக்குள்ள பேசல்லியா முத்தலிப்? நீ கோல் அடிச்சா ஒரு தூசணம், உட்டா ரெண்டு தூசணம்."

வாப்பா சிரித்துவிட்டார். உடனே அடக்கிக்கொண்டார். "அது கிறவுண்டோட போயிடும் காக்கா. கால் கழுவிட்டு வீட்டுக்குள்ள வாற மாதிரி. இது குர்ஆன் ஓதுற வாய்."

"அதத்தான் நானும் செல்றன். எனக்கு அவன்ல கோவமில்ல. பின்னால நிண்டு தொழுறவன்ட காதுல இதுதானே கேக்கும்?"

"மத்தவன் ஆராம்?"

"தெரியாவாம். தலயக் குனிஞ்சிட்டு அத மட்டுந்தான் செல்றான்."

வாப்பா நான்காவது தடவை போட்டார். "இந்தச் சின்னவன்தான் கெடுத்திரிக்கான். பன்னெண்டு வயசிரிக்குமா? ஆர்ட புள்ளயோ. ஒழுங்கா வளக்கல்ல."

பதினாறு வருடம் என் குரலைக் கேட்ட மனிதர். அடுப்படியில் உம்மா கோப்பை கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

என் தொண்டை சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பாடசாலை மீலாத் விழாவில் கஸீதாப் பாட்டுப் படிக்கும் கூட்டத்தில் என்னைக் கடைசியில் நிற்கவைத்து, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். ஓ.எல். சோதனை முடிந்த பிறகு கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணமே பேசிவிட்டார்கள். வகுப்புக்கென்று வாங்கித் தந்த போன் என்னிடம் மிஞ்சியது. சுடுகிற விளையாட்டு ஒன்றை அதில் இறக்கினேன். நாலு பேர் கொண்ட அணி, எல்லோரும் காதில் இயர்போன் மாட்டிக் கதைத்துக்கொண்டே விளையாடலாம். முதல் நாள் நான் வாய் திறந்ததும், கேப்டன் என்று பெயர் வைத்திருந்தவன், "அடேய், இது சின்னப் பொடியன்டா" என்றான். நான் இல்லை என்று சொல்லவில்லை. 'நரி' என்று பெயர் வைத்துக்கொண்டேன். அங்கே என்னை ஒருவரும் வாயை மட்டும் அசைக்கச் சொல்லவில்லை.

அங்கே எல்லோரும் தூசணம்தான் கதைத்தார்கள். வெடி பட்டால் தூசணம், தப்பினால் தூசணம், வணக்கத்துக்கும் தூசணம். முதலில் காது சுட்டது. பிறகு நானும் பழகினேன். சொன்னால் என்னவோ ஒரு சுகம் இருந்தது, மறைக்கவில்லை. பகல் முழுக்க வீட்டில் "ஓம் உம்மா", "சரி வாப்பா" என்று மட்டும் சொன்ன வாய். அறைக்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அந்தச் சொற்களைச் சொல்லும்போது, நான் பெரிய ஆள்போல இருந்தது.

எங்கள் அணியில் நாலாவது ஆளின் பெயர் 'சைலன்ட்'. பெயருக்கேற்ற மாதிரி ஆள் கதைக்காது. நன்றாக விளையாடுவான், ஆனால் ஒரு தூசணமும் வராது. கேப்டனுக்கு அது பிடிக்கவில்லை. "இவன் என்ன, ஓதிக்குடுக்கிற லெப்பையாடா? பேயன். நாளைக்கும் வாய் தொறக்காட்டி இவனத் தூக்கி வெளிய போடுறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மற்றவனும் போய், நாங்கள் இரண்டு பேரும்தான் மிஞ்சியிருந்தோம்.

"நரி, எனக்கு ஒண்டு செல்லித் தாடா," என்றான் சைலன்ட். "வேற ஒரு இடமும் எனக்கு இல்ல."

நான் ஒன்று சொன்னேன். அவன் அதை மெல்லச் சொல்லிப் பார்த்து, பாதியில் நிறுத்தினான்.

"இதுல உம்மா வாறாவே."

"எல்லாத்துலயுந்தான் வருவா. அதுக்கென்ன?"

"எங்கிட உம்மா சவூதியில, ஒரு ஊட்டுல வேல செய்றா. ஒம்பது வருசம். உம்மா வராத ஒண்டு செல்லித் தா."

நான் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் உம்மா இருந்தாள். இல்லாவிட்டால் அக்கா, தங்கச்சி. ஒரு வாப்பாவையும் காணவில்லை. அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. நானும் ஒரு பொம்பிளைப் பிள்ளைதானே, அதைச் சொல்லிச் சொல்லி என்னைத்தானே ஏசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் சொன்னது வேறு.

"சும்மா செல்லுடா. இது வெளயாட்டு. இதுக்குள்ள ஒருத்தர்ட உம்மாவும் இல்ல."

அப்போதுதான் அவன் சொன்னான். அந்த நீட்டலும் அழுத்தலும் கேட்டு எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சொல்லி முடித்ததும் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டான். மறுபடி சிரித்தேன். விளையாட்டை எப்போதும் போல் போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். மூன்று நிமிடப் பதிவில் சிரிப்பு வரும் இருபது வினாடியை மட்டும் வெட்டி, சாச்சாவின் மகள் நுஸ்ரத்துக்கு அனுப்பினேன். உம்மா வந்த இடத்தை வெட்டியெறிந்தேன். அதில் சிரிக்க ஒன்றும் இல்லையே.

பிறகு நோன்பு வந்தது. ஒவ்வொரு வருடமும் போலவே எங்கள் பள்ளி வெளியூரிலிருந்து ஒரு ஹாபிஸைக் கூட்டிவந்தது. குர்ஆனை முழுக்க மனனம் செய்த பதினெட்டு வயதுப் பையன் என்றார்கள். பெண்கள் மேல்மாடியில் தொழுவோம். தொழும்போது இமாமை நாங்கள் பார்ப்பதில்லை, ஸ்பீக்கரில் குரல் மட்டும் வரும். தொழுகையின் முதல் ரக்அத்தில் அவர் ஓதத் தொடங்கினார். அதே நீட்டல். அதே அழுத்தல். ஆனால் அந்தக் குரல் இவ்வளவு அழகாய் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் அழுதேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பக்தியான பிள்ளை என்று நினைத்திருப்பாள்.

அன்றிரவு விளையாட்டுக்குள் அவனுக்கு எழுதினேன். "ஓதினது நல்லாரிந்திச்சி."

 பதில் வந்தது. "நரி, நீ இந்த ஊரா? எந்த சப்புல நிண்ட?"

"கடசி சப்புல."

மறுநாள் ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும், மேல்மாடித் தடுப்பின் சல்லடைத் துளையால் கீழே பார்த்தேன். அவன் எழுந்து நின்று, கடைசி வரிசையில் நிற்கும் சின்னப் பையன்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அடுத்த நாளும் பார்த்தான். ஒரு பையனைக் கூப்பிட்டுக் குனிந்து ஏதோ கேட்டான், பையன் இல்லையென்று தலையாட்டிவிட்டு ஓடினான். இந்த ஊரில் அவனுக்குத் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒன்பது நாள் அவன் தேடினான். நான் மேலே நின்றேன்.

பத்தாம் நாள் நுஸ்ரத் அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தாள். "நான் ஒராளுக்குத்தான் கா அனுப்பின. குரல் ஹாபிஸ்ட மாதிரியே இரிக்கி எண்டு சும்மா காட்டத்தான். உண்ட பேர ஒருத்தருக்கும் செல்லல்ல. அல்லாவறிய."

அதற்குள் ஊர்க் குரூப்புகளெல்லாவற்றிலும் அது ஓடியிருந்தது. அன்று தறாவீஹை ஒரு வயதான மௌலவி தொழுவித்தார். மேல்மாடியில் பெண்கள் காதோடு காதாக அதைத்தான் கதைத்தார்கள்.

மீராசாஹிபு போன பிறகு நான் உறங்கவில்லை. மூன்று நிமிடமும் என் போனில் அப்படியே கிடக்கிறது. அதைப் போட்டால் அவன் எதைக் கேட்டான், எதைச் சொல்ல மாட்டேன் என்றான், யார் சொல்லவைத்தார்கள் என்று எல்லோருக்கும் விளங்கும். ஆனால் போடுகிறவள் யார் என்றும் விளங்கும். முத்தலிப்பின் மகள், ராத்திரியில், ஊர் பேர் தெரியாத ஆம்பிளைகளோடு, தூசணம். இனி யார் இந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வருவார்கள்? வாப்பா கடைக்குள் எப்படி இருப்பார்? விளையாட்டைத் திறந்து பார்த்தேன். சைலன்ட் அங்கே இல்லை. கேப்டன் மட்டும் இருந்தான். "நரி, வாடா" என்று தொடங்கி வழமையான சொல்லைச் சொன்னான். மூடிவிட்டேன்.

விடியுமுன் ஸஹர்ச் சோற்றுக்கு உம்மா எழுப்பவில்லை, நானே போய் இருந்தேன். உம்மா சோற்றில் தயிரை ஊற்றி, வாழைப்பழத்தை உரித்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மகள், அந்தத் தண்ணிய எடுங்க," என்றார் வாப்பா. "ராவு முழுக்க லைட் எரிஞ்சிச்சே. என்ன செஞ்ச?"

நான் வாய் திறக்குமுன் உம்மா தண்ணீரை எடுத்துவைத்தாள். "அவளுக்குத் தொண்ட ஏலா. ரெண்டு மூணு நாளைக்குக் கதைக்கக் குடுக்கப்படாது."

"அப்ப கொத்தமல்லி அவிச்சிக் குடு."

"குடுக்கன்."

மேசைக்குக் கீழே உம்மாவின் கை என் முழங்காலை அழுத்தியது. அப்படி அழுத்தியது, எனக்கு வலித்தது. உம்மாவுக்குத் தெரியும். இரண்டு மூன்று நாளில் அவன் பொத்துவில் போய்விடுவான், ஊர் வேறு கதைக்குப் போய்விடும் என்பதும் தெரியும். நான் தலையைக் குனிந்து தின்றேன். ஒன்றுமே செய்யத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும்.

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். வாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மோட்டார் சைக்கிளை வாசலுக்கு இறக்கி ஸ்டார்ட் பண்ணினார். ஹெட்லைட் கேட்டில் பட்டது. போனைக் கையில் எடுத்தேன். உம்மா, "புள்ள" என்றாள், அவ்வளவுதான். என் கையைப் பிடிக்கவில்லை.

வெறுங்காலோடு வாசலில் இறங்கினேன். மணல் குளிர்ந்து கிடந்தது. வீட்டில் கதைக்கிற மெல்லிய குரலில் கூப்பிட்டால் எஞ்சின் சத்தத்தில் கேட்காது. அடித்தொண்டையிலிருந்து, முழுக்க, விளையாட்டில் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டேன்.

"வாப்பா!"

அவருடைய முதுகு அப்படியே நின்றது. திரும்பவில்லை.  பிறகு சாவியைத் திருப்பினார். கேட்டில் விழுந்திருந்த வெளிச்சம் போய்விட்டது.

"இன்னொருக்காக் கூப்புடு," என்றார் இருட்டுக்குள்ளிருந்து.