சந்தைக்கு நடுவில் ஓர் ஓடுதளம்

1

இந்தக் கதையில் பாதி எனக்குப் பேருந்தில் கிடைத்தது. பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார்: "அம்பத்திரண்டுல வேலந்தாவளம் மாட்டுச் சந்தையை ஒரு பட்டாளத்து நாயி ஒத்தையா நின்னு காலி பண்ணிப்போட்டுதுங்க." அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் மீனாட்சிபுரம் வந்தது. இறங்கிப் போய்விட்டார். மீதி என் பொறுப்பு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: '1944. கோயம்புத்தூர் வானத்தைக் கிழித்துக்கொண்டு எதிரி விமானங்கள்—'

அடித்துவிட்டேன். அங்கே குண்டு எதுவும் விழவில்லை. அந்தப் பக்கத்து விமானதளத்துக்குப் போர் எருமை வடிவில்தான் வந்தது. வேலிக்குள் புகுந்து ஓடுதளத்தில் படுத்துக்கொள்ளும். மேலே விமானம் இறங்க இடமின்றிச் சுற்றும். அதற்காகவே பட்டாளக்காரர்கள் ஒரு நாட்டு நாயைப் பழக்கினார்கள். இன்ஜின் சத்தம் கேட்டதும் மாடுகளை இரு ஓரமும் ஒதுக்க வேண்டும், பல் படக்கூடாது. 'சார்ஜண்ட்' என்று பெயர் வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்ட கூலியாள் சென்னிமலை. போர் முடிந்து தளத்தைக் கலைத்தபோது நாயோடு தன் ஊரான பெருமாட்டிக்கு நடந்தே வந்தார். (வரைபடத்தில் அளந்தேன். இரண்டு நாள் நடை.)

3

நாயை அவர் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். [மிகையோ? எடுத்துவிடலாமா?] காரணம் கேட்டால், "அவுங்க சார்ஜண்டு, நான் கூலியாளுங்க" என்கிறார். எடுக்கவில்லை.

ஊரில் எப்போதாவது விமானம் பறந்தால் சார்ஜண்ட் எழுந்துபோய், சென்னிமலையின் இரண்டு மாடுகளையும் வேலியோரம் தள்ளிவிட்டு வந்து படுக்கும். யாருக்கும் தொந்தரவில்லை. எருது வாங்க அவர் சந்தைக்குப் போன அன்று மாடுகள் முந்நூறு.

மற்றவர்களுக்குக் கேட்பதற்கு முன்பே சார்ஜண்டுக்குக் கேட்டுவிட்டது. குரைக்காமல், வயிறு மண்ணில் உரசத் தாழ்ந்து ஓடியது. துண்டுக்கடியில் விலை பேசிக்கொண்டிருந்த விரல்கள் நழுவின. கயிறுகள் கையைவிட்டுப் போயின. விமானம் தலைக்கு மேல் வந்தபோது சந்தையின் நடுவே நேராக, அகலமாக, வெறுந்தரை கிடந்தது. அதன் கோடியில் சார்ஜண்ட் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தது. பத்து வயது நாய். சென்னிமலையின் குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன.

(விமானம் இறங்கவில்லை. கொச்சிக்குப் போகிற பயணிகள் விமானம்.)

4

சந்தைக் குத்தகைக்காரர் சிக்கந்தர் தூசிக்குள்ளிருந்து வந்தார்.

"ஏனுங்க சென்னிமலை, இது நாயா, பேயா? பேசி முடிச்ச யாவாரமெல்லாம் போச்சு! வெறி புடிச்சிருக்குது. துப்பாக்கிக்காரருக்கு ஆள் அனுப்பிட்டேன்."

"வெறி நாயி இத்தனை நேராக் கோடு போடுமுங்களா மொதலாளி?"

கூட்டம் சிரித்தது. சிக்கந்தருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"செரி, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இனிமே கட்டிப்போடுங்க. விட்டர்றேன்."

(கதை இங்கேயே முடிந்திருக்கும். 'தப்புங்க' என்று எழுதியும் பார்த்தேன். அவர் வாயில் நிற்கவில்லை.)

"வேலை பாத்தது தப்புங்களா? ஒரு மாட்டு மேல ஒரு பல்லு பட்டிருந்தா நீங்க சுடுங்க, நானே புடிச்சுக்கறேன். படலீன்னா, சார்ஜண்டு கட்டில்லாமத்தான் சந்தைக்கு வருவாங்க."

சிக்கந்தர் ஒப்புக்கொண்டார். பார்க்கிற வேலை கயிற்றுக்கடை கௌலத்துக்கு வந்தது. அவள் பொய் சொல்லமாட்டாள் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை.

"என்ற மருமகனைக்கூட நான் இத்தனை உத்துப் பாக்கலீங்கண்ணா" என்று முனகிக்கொண்டே குனிந்தாள். நூறு மாடு. இருநூறு. ஒன்றிலும் காயமில்லை. சென்னிமலையின் தலை, மாட்டுக்கு மாடு நிமிர்ந்துகொண்டே போயிற்று.

5

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். எல்லாம் சுலபமாக முடிகிறதே என்று பயந்து, கடைசி எருமையின் பின்னங்காலில் ஒரு கீறல் வைத்தேன். வேலிமுள் கிழித்தது என்று அடுத்த வரியில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் கௌலத் பார்த்துவிட்டாள். முள்ளா, பல்லா? அவளுக்குத் தெரியவில்லை. சந்தையே எட்டிப் பார்த்துவிட்டது. இனி அந்த வரியை அடிக்க முடியாது.

முடிவு ஒன்று: சிக்கந்தர் மனமிரங்கி, "முள்ளுதானுங்க, போங்க" என்கிறார். (சென்னிமலை போகமாட்டார். சார்ஜண்ட் யார் தயவிலும் பிழைத்ததில்லை.)

முடிவு இரண்டு: துப்பாக்கிக்காரர் வந்து—

முடியாது.

சென்னிமலை சொன்ன சொல்லுக்கு நின்றார். மண்டியிட்டு நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்க சார்ஜண்டு. நீங்க பண்ணியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

அது நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தது.

அந்தக் கீறலை வைத்தவன் நான். ஆனால் எழுதுகிறவனின் சாட்சி அந்தச் சந்தையில் எடுபடாது. உண்மை தெரிந்த வெளியாள் நீங்கள் ஒருவர்தான்.

கௌலத் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்க்கிறாள்.

"பாத்தவுங்க ஆராச்சும் இருந்தாச் சொல்லுங்க."

சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக.