வேண்டியது நேர்மை மட்டும்

வீரசோழன் ஊரில் யாருக்கு விசா வந்தாலும் அது முதலில் ஹபீப் ரகுமானின் ஜவுளிக்கடைக்குத்தான் வரும். அவர் கண்ணாடியை மாட்டி, உதட்டைக் குவித்து, ஒரு தடவை வாசித்து அர்த்தம் சொன்னால் சொன்னதுதான். அவரைவிட இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகள் ஊரில் உண்டு. பெரியவர் மனசு நோகுமே என்று அவர்கள் வாயைத் திறப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவர் மகள் அஸ்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்தால் சும்மா விடுவாரா? பையன் சபீர், அருப்புக்கோட்டைக்காரன், துபாயில் ஒரு கடையில் வேலை. கடை முதலாளி வயசான வெள்ளைக்காரர். பையன் எப்படி என்று அவருக்கே நேராக மெயில் போட்டுவிட்டார். நாலே நாளில் பதில் வந்தது. நன்றாக உழைப்பான், இனிமையாகப் பேசுவான் என்று எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: ‘ஹீ வான்ட்ஸ் ஒன்லி ஹானஸ்டி.’

ஹபீப் ரகுமானுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “பாத்தியா ரஹ்மத்து! அவனுக்கு வேண்டியது நேர்மை மட்டுந்தானாம். நகை வேணாம், காரு வேணாம். இந்தக் காலத்துல இப்பிடியும் ஒரு புள்ளையா!” என்றார் மனைவியிடம். பள்ளிவாசலில் சொன்னார். திருச்சுழி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பருத்தி வியாபாரி சீனிச்சாமியிடமும் சொன்னார். வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று நாளும் குறித்தாயிற்று.

வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். அம்பது பவுன், ஒரு கார். காரும் வெள்ளைக் கலரில்தான் வேண்டுமாம்.

“நேர்மை மட்டும் போதும்னவன் எதுக்குக் கலர் சொல்றான்?” என்று குழம்பிப்போய் உட்கார்ந்தார்.

அஸ்மா அப்போதுதான் அந்த மெயிலை வாங்கி வாசித்தாள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அத்தா, நான் பாலைப் பொங்கவிட்டா ‘ஒனக்குக் கொஞ்சம் அறிவு வேணும்’னு சத்தம் போடுவீகள்ல?”

“ஆமா.”

“அப்ப நான் அறிவு மேல ஆசப்படுறேன்னா அர்த்தம்? எங்கிட்ட அது இல்லைன்னுதான? வெள்ளைக்காரரும் அதத்தான் சொல்லிருக்காரு. எல்லாம் இருக்கு, நேர்மை ஒண்ணுதான் இல்லையாம்.”

அகராதியைப் புரட்டினார். வான்ட்: விரும்பு. அதற்குக் கீழே, இத்தனை வருஷமாக அவர் கண்ணில் படாத வரி: இல்லாதிரு, குறைவுபடு, இலக்கிய வழக்கு. படுபாவி வெள்ளைக்காரர் புத்தகத்து இங்கிலீஷில் எழுதித் தொலைத்திருக்கிறார்! பெற்ற பெண்ணை எங்கே கொண்டுபோய்த் தள்ளப் பார்த்தோம் என்று நினைத்தார். உடனே போனை எடுத்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் அடுத்த கவலை வந்தது. “ஊர்ல கேப்பாகளே, என்னம்மா சொல்றது?”

“‘எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வேணும்’னு உள்ளதச் சொல்லிருங்கத்தா.”

மறுநாள் தொழுகை முடிந்து நாலு பேர் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, அவர் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே சொன்னார்.

“பாத்தியாலே,” என்றான் ஒருவன் இன்னொருவனிடம். “இம்புட்டுத் தெரிஞ்சும் இன்னும் வேணுங்கிறாக! இந்த வயசுலயும் என்ன ஆசை!”

ஹபீப் ரகுமான் குனிந்த தலையை நிமிர்த்திக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.